முன்பணப் பத்திரம் செல்லாதுங்க
ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டதால்தான் ஒப்பந்தப் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'இன்டென்சர்' (indenture) என்ற பெயர் வந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்க குமாரபாளையத்தில் அந்தப் பாதிகூடக் கையில் கிடைக்காதுங்க. தறிப்பட்டறையில் அப்பா முன்பணம் வாங்கியபோது, ஒன்றுமே எழுதாத 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார் முதலாளி. கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது. சனிக்கிழமைதோறும் கூலியில் பிடித்தும் கடன் குறையவே இல்லை. 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி இப்படிக் கட்டிப்போடும் ஒப்பந்தமே செல்லாது, அந்தக் கடனையும் திருப்பித் தர வேண்டியதில்லை. இது எங்களுக்குத் தெரியவரும்போது அப்பாவுக்கு வயது 58. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயந்து கிடக்கிறவங்க கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுங்க. விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு.