கட்டுகிறவர் காது இல்லாமல் நாதம் ஏது?

அந்த வீடியோவை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "நாதம் வாசிக்கிறவன் கையில இருக்கு. கட்டுறவங்க நாம சொல்றதைச் செய்யறவங்க, அவ்வளவுதான்" என்று ஒரு மிருதங்க வித்வான், மிருதங்கம் கட்டுகிறவர்களைப் பற்றி மைக்கில் சொல்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் வாசிப்பு எனக்குப் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். ஆனால் அதற்கு முந்தைய நிமிடம் அவர் 'தீம்' என்று ஒரு அடி தட்டி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினாரே, அந்தக் கார்வையை, அடித்த பிறகும் நீண்டு நிற்கிற அந்த ஒலியை, உண்டாக்கி வைத்தது யார்?

மிருதங்கம் கட்டுவது காதால் செய்கிற வேலை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். தோலை இழுக்கிற கை, இழுத்துக் கட்டும் வாரைப் பிடிக்கிற கால், வலது தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையைத் தேய்க்கிற கல் எல்லாம் காது சொல்கிறபடிதான் ஓடுகின்றன.

பலாக்கட்டையில் இருந்து தொடங்குவோம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரே துண்டாகக் கடைந்து குடைய வேண்டும். முடிச்சோ வெடிப்போ இருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாரை முழு இழுப்பில் ஏற்றிய பிறகுதான் கட்டை விரிசல் விடும். உயர்ந்த சுருதியான சன்ன சுருதிக்கு 22 அங்குலம், தாழ்ந்த சுருதியான தக்கு சுருதிக்கு 24 அங்குலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த நீளத்துக்குள் வயிறு எங்கே புடைக்க வேண்டும், சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், இரண்டு வாயும் எவ்வளவு அகலம் என்பதில்தான் சூட்சுமம். அந்தக் கணக்கு எந்த வித்வானும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

அடுத்து தோல். வலது பக்கமான வலந்தலைக்கு முக்கியமாகப் பசுத்தோல், இடது பக்கமான தொப்பிக்கு ஆட்டுத்தோலும் எருமைத்தோலும், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். கன்று ஈன்ற பசுவின் தோல்தான் நன்றாகப் பேசும் என்பது பட்டறைகளில் வழிவழியாக வரும் சொல். ஒரே தோலிலும் எல்லா இடமும் உதவாது. கொழுப்பு தங்கிய இடம் மந்தமாகப் பேசும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால், சுற்றி வர எங்கே தட்டினாலும் ஒரே சுருதி வராது. கட்டுகிறவர் தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார், விரலால் நிமிண்டிப் பார்ப்பார், பாதிக்கு மேல் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதற்குக் காசு யாரும் தருவதில்லை.

வலந்தலையில் தோல் மூன்று அடுக்கு. மேலே வளையமாக வெட்டுத்தட்டு, நடுவில் முழுத்தோலாகக் கொட்டுத்தட்டு, அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வளையம். இவற்றைச் சேர்த்துத் தோல் பட்டையால் பின்னுவதுதான் மூட்டு. வார் அதன் 16 கண்கள் வழியாக இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் போய்வரும். வாரை ஒரேயடியாக இழுத்துவிட முடியாது. நனைத்து இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுத்து, சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். காலைக் கட்டைக்கு முட்டுக் கொடுத்து, முதுகை முழுசாகப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கிற வேலை அது. ஒரு கண்ணில் ஒரு பிடி கூடினால் அந்தக் கண் மட்டும் சுருதி ஏறி நிற்கும். தபலாவிலாவது வாருக்கு அடியில் எட்டு மரக்கட்டைகள் இருக்கின்றன, தட்டி நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம். மிருதங்கத்தில் மேடையில் வாசிக்கிற நீங்கள் கல்லையும் கட்டையையும் வைத்து மூட்டைத் தட்டிச் சரி செய்வது கொஞ்ச தூரம்தான். மீதி தூரத்தைக் கட்டியவர் முன்னாலேயே நடந்துவிட்டார்.

இப்போது கரணை. எனக்குக் கோபம் அதிகம் வருகிற இடம் இதுதான்.

வடித்த சோற்றைக் கட்டி இல்லாமல் மசிக்க வேண்டும். கிட்டான் கல் என்கிற கனமான கறுப்புக் கல்லைப் பொடித்து, துணியில் சலித்து, அந்தச் சோற்றோடு பிசைய வேண்டும். சோறு கூடினால் கரணை இளகும், பொடி கூடினால் பொரிந்து உதிரும். தோலின் நடுவைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, முதலில் வெறும் சோற்றைப் பசையாகத் தேய்ப்பார்கள். பிறகு கலவையில் ஒரு சின்ன உருண்டை. கட்டைவிரலால் பரப்பி, வழவழப்பான கல்லால் ஈரம் போகும்வரை தேய்க்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த உருண்டை, முந்தைய வட்டத்தைவிட ஒரு நூல் சிறியதாக. இப்படியே அடுக்கடுக்காக ஏறும். ஒவ்வொரு அடுக்குக்கும் கட்டுகிறவர் தட்டிக் கேட்பார். நான் கூர்ந்து பார்த்த ஒருவர் தட்டிவிட்டுக் காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கார்வை எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு கல்லை எடுத்து ஒரு ஓரத்தை மட்டும் நான்கு இழுப்பு தேய்த்தார். மறுபடி தட்டினார். அந்த நான்கு இழுப்பை அவரிடம் எந்த வித்வான் சொன்னார்?

கரணையில் மயிரிழை வெடிப்புகள் விழ வேண்டும். விழாவிட்டால் அது ஒரே தகடாக விறைத்து, தோலை அசையவிடாது. பெரிதாக விழுந்தால் பெயர்ந்துவிடும். அந்த வெடிப்புகளைக் கல்லின் அழுத்தம்தான் வரவழைக்கிறது. கலவையைச் சொல்லிக்கொடுக்கலாம், அழுத்தத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இதில் விஞ்ஞானம் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெறும் தோலைத் தட்டினால் அதில் அடிச்சுரத்தோடு சேர்ந்து மேல்சுரங்களும் எழும். அடிச்சுரத்தின் அதிர்வை 1 என்று வைத்தால் அவை 1, 1.59, 2.14, 2.30 என்று ஒட்டாமல் போகும். அதனால்தான் சாதாரண முரசில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. நடுவில் ஏறுகிற இந்தக் கனம் அவற்றை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் வரிசைக்கு மிக அருகில் கொண்டுவருகிறது. சர் சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் இதைத்தான் எழுதினார். ராமன் அளந்து பார்ப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, படிப்பறிவு மறுக்கப்பட்டவர்கள் சோற்றையும் கல்லையும் வைத்து அந்த வரிசையைக் காதால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களைத்தான் 'சொன்னதைச் செய்யறவங்க' என்கிறோம்.

"சரி, அவர்களுக்கு ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். நிறையப் பேருக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குக் கரணை வைக்கத் தெரியும்? குச்சி மிருதங்கத்தில் வெட்டுத்தட்டுக்கு அடியில் எங்கெங்கே குச்சி செருகினால் 'சாப்பு' என்கிற அடி திறந்து கேட்கும், குச்சிக்குப் பதில் கப்பி என்கிற கல்நொய் போட்டால் அதன் நிறம் எப்படி மாறும் என்று தெரியுமா? தெரிந்த வித்வான்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பட்டறையில் கூடவே உட்கார்ந்து, மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லிக் கேட்டவர். அந்தச் சோதனைகளில் எதிரே இருந்து கட்டியவர் தஞ்சாவூர் பர்லாந்து. மைக் வேண்டாம் என்று மணி ஐயர் உறுதியாக நின்ற காலத்தில், கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்த நாதத்தில் பர்லாந்துக்குப் பங்கு இல்லையா? 1966-ல் மணி ஐயருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு கிடைத்தது. பர்லாந்துக்கு என்ன கிடைத்தது?

"காசு கொடுக்கிறோமே" என்கிறார்கள். பேரம் பேசித்தானே கொடுக்கிறீர்கள்? மார்கழிக் கச்சேரி சீசனில் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, நாளைக்குக் கச்சேரி, காலையில் வேண்டும் என்கிறீர்கள். ஈரம் காயாமல் அவசரத்தில் வைத்த கரணை ஏசி அரங்கில் பெயர்ந்தால் அவர் கெட்ட வேலைக்காரர் ஆகிவிடுகிறார். வாசிக்கும் முன் தொப்பியில் ஒட்டிய ரவைப் பசையைக் கச்சேரி முடிந்ததும் வழித்துத் துடைக்காமல் உறையில் போட்டு மூடியது நீங்கள். அது தோலில் ஊறிக் கெட்டால் அதுவும் அவர் தலையில்தான் விழுகிறது.

சிந்தெடிக் தோல், நட்டு போல்ட் எல்லாம் வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒரு வரிதான். வரட்டும். அதுவும் எந்த ஒலியை எட்டப் பார்க்கிறது?

"சாதியை ஏன் இழுக்கிறீர்கள்" என்ற கேள்வி கட்டாயம் வரும், இதுவரை நான் அந்தச் சொல்லையே எழுதவில்லை என்றாலும். எழுதிவிடுகிறேன். இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர், தஞ்சாவூர்ப் பரம்பரையில் பலர் கிறிஸ்தவர்கள். தோல் உரிக்கிற இடத்துக்குப் போய், நாற்றத்தில் நின்று பொறுக்கி, கழுவி, மயிர் நீக்கிக் காயவைப்பது அவர்கள். எல்லாம் முடிந்து சந்தனப் பொட்டு வைத்த பிறகு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நாம். இருபது வயதுப் பையன் போய் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி, "என்னப்பா, ரெடியா?" என்கிறான். அவர் "இதோ ஆச்சு அண்ணா" என்கிறார். அந்தப் பையனுக்குக் கூச்சமே இல்லை, ஏனென்றால் அவன் குருவும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்த மேடைப் பேச்சு எனக்கு வலித்தது இதனால்தான். அது ஒரு மனிதரின் வாய் தவறிய சொல் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அரங்கம் கைதட்டியதே!

அந்த வித்வான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அன்றைய அழைப்பிதழைப் பார்த்தேன். ஒலி அமைப்பு, மேடை அலங்காரம், சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் பெயர் போட்டிருக்கிறது. அந்த மிருதங்கத்தைக் கட்டியவர் யார் என்று தெரிந்தவர்கள், அவர் சம்மதித்தால், பின்னூட்டத்தில் பெயரை எழுதுங்கள். அடுத்த கச்சேரி அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த சபாக்காரர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.