மீட்டர் வச்சுப் பாக்கத் தெரியலன்னா போட்டுல கை வைக்காதீங்க

"ரீசெட் பண்ணிட்டேன், இனிமே பிரச்சனை இல்ல." இப்படிச் சொல்லிட்டு எங்க போட்டு ஜிபிஎஸ்ல இருந்த பதினாறு வருஷத்த அழிச்சுட்டுப் போயிட்டான் ரிப்பேர் பாக்க வந்த ஒருத்தன். ஒரு வார்த்தை கேக்கல. நாலு நாளாச்சு, இன்னும் வயிறு எரியுது.

காசிமேட்டுல போட்டு வச்சிருக்கிறவங்களுக்கு இது விளக்க வேண்டியதில்ல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. போட்டைக் கரையேத்தி, பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சு, கடன் வாங்கி ஐஸும் டீசலும் போட்டு முதல் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கக் கிளம்புறோம். ரெண்டாவது ராத்திரி, பழவேற்காட்டுக்கு நேரா வெளியில போறப்ப ஜிபிஎஸ் நின்னுபோச்சு. இன்ஜின் ஓடுது, போட்டு போய்க்கிட்டே இருக்கு, ஸ்க்ரீன்ல மட்டும் அதே இடத்துல நிக்குது. அஞ்சு நிமிஷத்துல தானா வரும், மறுபடி போகும். பக்கத்துல வர்ற கப்பலைக் காட்டுற ஏஐஎஸ்ஸும் அதோட சேர்ந்து காணாமப் போகுது. அந்தப் பக்கம் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வந்து போற கப்பலுங்க. வடக்க ஏறிட்டா ஆந்திரா. அங்க போட்டைப் பிடிச்சு வச்சுட்டா மீட்டு எடுக்கிறதுக்குள்ள குடும்பமே தெருவுக்கு வந்துடும். பாதி வலையோட திரும்பிட்டோம்.

ரிப்பேருக்கு வந்த ஆளு மேல ஏறி ஆன்டெனாவைப் பாத்தான். "ஆன்டெனா போச்சு ஓனரே." பதினாலாயிரம். மாத்தினோம். மறுநாள் அதே கதை. திரும்ப வந்தவன் நான் டீ வாங்கப் போன நேரத்துல ரீசெட் அடிச்சுட்டான்.

ரீசெட்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமா? அதுக்குள்ள எங்க அப்பா குறிச்சு வச்ச பாயின்ட்டு இருந்துச்சு. எந்த இடத்துல பார் (கடலுக்கு அடியில இருக்கிற பாறை), எந்த இடத்துல வலை மாட்டிக் கிழியும், எந்த மாசம் எங்க மீன் படும், எல்லாம். ஒவ்வொரு பாயின்ட்டும் கிழிஞ்ச வலையைக் குடுத்து வாங்கினது. அப்பா போய் நாலு வருஷமாச்சு. டிரைவரண்ணன் வெறும் ஸ்க்ரீனைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கேபினை விட்டு இறங்கிப் போயிட்டாரு. அவரு கத்தியிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இதுக்கப்புறமும் பழுது போகல. "செட்டே போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்றான் அந்த ஆளு.

நேரா ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். எங்க போட்டுல ஆன்டெனா, ஏஐஎஸ், ஸ்க்ரீன் எல்லாமே என்எம்இஏ 2000-ன்ற ஒரே லைன்ல கோத்தது. அந்த மெயின் லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேட்டர், அதாவது லைனை முடிச்சு வைக்கிற ரெசிஸ்டர், ஒண்ணொண்ணு இருக்கும். கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டு உள்ள இருக்கிற வெள்ளை ஒயர்ல ஒரு முள்ளு, நீல ஒயர்ல ஒரு முள்ளு வச்சா 60 ஓம் காட்டணும். ரெண்டு 120 சேர்ந்து பாதியாகுது, அவ்ளோதான் கணக்கு. 120 காட்டுச்சுன்னா ஒரு முனை லைன்லயே இல்லன்னு அர்த்தம். எனக்குக் காட்டினது 120. ஒயரை அசைச்சா 60-க்கு வருது, விட்டா 120-க்குப் போகுது. போட்டு ஆடுறப்ப ஜிபிஎஸ் வந்து வந்து போனது இதனாலதான்! ரெண்டு நிமிஷ வேலை. அவன் பையில மீட்டரே இல்ல.

ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். கேபின் ஜன்னலுக்குக் கீழ, தண்ணி தெறிக்கிற இடத்துல, நீளம் பத்தலன்னு நடுவுல வெட்டி முறுக்கி டேப் சுத்தியிருக்கு. டேப்பைப் பிரிச்சா பசை உருகி கையில கறுப்பா ஒட்டுது. உள்ள செம்பே தெரியல, பச்சைக் களிம்பு. நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. வெள்ளை ஒயர்ல ரெண்டு மூணு இழைதான் மிச்சம். உப்புத் தண்ணியில ஓடுற போட்டுக்கு ஈயம் பூசின ஒயர் போடணும், கனெக்டர் போடணும். முறுக்கி டேப் சுத்துறதுக்கு இது என்ன கல்யாண வீட்டு சீரியல் லைட்டா?

அப்படியே வோல்ட்டையும் பாத்தேன். பேட்டரியில 12.6, ஸ்க்ரீன்கிட்ட 10.9. மைனஸ் ஒயர்லயும் அதே களிம்பு. பக்கத்து போட்டுலயும் இப்படித்தான், எல்இடி லைட்டு போட்டா விஎச்எஃப் ரேடியோ இரையுது, செட்டை மாத்துன்னு சொல்லியிருக்காங்க. எல்இடி லைட்டு விஎச்எஃப்பையும் ஏஐஎஸ்ஸையும் கெடுக்கும்னு அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-லயே எச்சரிக்கை விட்டுச்சு. ஒவ்வொரு லைட்டா அணைச்சுப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும். யாரும் அணைச்சுப் பாக்கல.

அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டு புது கேபிள் போட்டேன். 60 ஓம் காட்டுது. ஜிபிஎஸ் ஒரு தடவைகூட நிக்கல. பழைய ஆன்டெனாவையே திரும்ப மாட்டிப் பாத்தேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு. பதினாலாயிரமாவது போகட்டும்.

பாயின்ட்டுக்கு என்ன பண்றது? டிரைவரண்ணன்கிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு, பாதிக்குப் பாதி அதுல எழுதியிருக்காரு. மூணு ராத்திரியா அவரு படிக்கிறாரு, நான் ஏத்துறேன். முந்தி இந்த வேலையைப் பையன்கிட்ட குடுத்தேன், டிகிரிக்கு அப்புறம் வர்ற 20.500 மினிட்டை 20 மினிட் 50 செகண்டுன்னு போட்டுட்டான். அது 20 மினிட் 30 செகண்டு. அறுநூறு மீட்டர் தள்ளிப் போயிடும், வலை நேரா பார் மேல. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

நேத்து ஒரு பக்கத்துல நின்னுட்டோம். மழைத் தண்ணி பட்டு மை கலைஞ்சிருக்கு. 13 டிகிரி 23-ஆ, 28-ஆ? அஞ்சு மைல் வித்தியாசம். டார்ச் அடிச்சு, தூக்கிப் பிடிச்சு, சாய்ச்செல்லாம் பாத்தோம்.

"அப்பா இருந்தா பாக்காமயே சொல்லுவாரு தம்பி"ன்னாரு அண்ணன். அந்தக் கட்டத்தை வெத்தா விட்டுட்டு அடுத்ததைப் படிச்சாரு.