கிரேக்கர் வருமுன்பே இருந்த கலை

பழங்காலத்தில் யூரேசியப் புல்வெளிகளில் வாழ்ந்த நாடோடிகளான சித்தியரின் தங்க அணிகளில் சிறந்தவை எல்லாம் கிரேக்கப் பொற்கொல்லர் கைவண்ணமே என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கருங்கடல் பகுதியில் கிடைத்த பிற்கால அணிகள் பலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் தென் சைபீரியாவின் துவாவில், 2001 முதல் அகழ்ந்த அர்ஜான்-2 புதைமேடு கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கக் குடியேற்றங்கள் எங்கே, அது எங்கே! அங்கே கிடைத்த தங்கம் சுமார் 20 கிலோ. அங்கே புதைக்கப்பட்ட தலைவனின் மேலாடையில் மட்டும் ஏறத்தாழ 2,500 குட்டிச் சிறுத்தை உருவங்கள்.

வடக்குக் காக்கசஸின் கெலெர்மெஸ் புதைமேட்டில் கிடைத்த சித்தியத் தங்கச் சிறுத்தையை உற்றுப் பாருங்கள்: பாதங்களிலும் வாலிலும் சுருண்டு படுத்த சிறு சிறுத்தைகள். விலங்கின் உடலுக்குள்ளேயே விலங்கு! இது புல்வெளி மக்களின் சொந்தக் கற்பனை. ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிறுத்தையின் படத்தையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.