மருத்துவரின் பேச்சைப் பதிவு செய்தால் சிறையா? உண்மை விளக்கம்

மருத்துவ ஆலோசனையை நோயாளி கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது எல்லா நாடுகளிலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு. பிரிட்டனில் நோயாளி தன் சொந்தப் பயன்பாட்டுக்காக, அனுமதி பெறாமலும், பதிவு செய்துகொள்ளலாம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் இதைச் சரிபார்க்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி உரையாடலில் பங்கேற்கும் ஒருவரின் சம்மதமே போதுமானது. ஆயினும் கலிபோர்னியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் அனைவரின் சம்மதமும் தேவை என்பதால், அந்தச் செய்தியில் உண்மையின் சாயல் சற்றே இருக்கிறது. பதிவை இணையத்தில் வெளியிடுவது வேறு விஷயம். அதற்குச் சட்டச் சிக்கல் வரலாம். அனுமதி கேட்டுப் பதிவு செய்வதே, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், நல்லது. மருந்தின் அளவை மீண்டும் கேட்டு உறுதிசெய்ய விரும்பும் நோயாளியை வீணாக அச்சுறுத்தும் இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.