புத்தியை எட்டிலேயே விடுகிறவர்களுக்கு

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தை ஆடுகிற தம்பிகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "விசார்டு ஆடலையா? அப்ப இன்டெலிஜென்ஸை எட்டிலேயே விட்டுடுங்கண்ணே" என்பார்கள். என் சின்னம்மா மகனும் அதையேதான் சொல்கிறான். இப்போது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஆளாளுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறார்கள். எல்லாருடைய ஆளும் புத்தி எட்டோடு திரிகிறான்.

அவன் கணக்கில் பிழை இல்லை. ஆளை உருவாக்கும்போது அவன் குணங்களுக்குப் பிரித்துப் போடக் கையில் இருப்பது 27 பாயிண்ட். பலம், புத்தி என்று ஆறு குணங்களும் எட்டில் தொடங்கும், பதினைந்து வரை ஏற்றலாம். விசார்டு என்ற மந்திரவாதிக்கும், எல்ட்ரிச் நைட், ஆர்கேன் டிரிக்ஸ்டர் போன்ற சில உட்பிரிவுகளுக்கும்தான் இன்டெலிஜென்ஸ் என்கிற புத்தி சண்டையில் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அங்கங்கே வரும் சில பகடைச் சோதனைகள், அவ்வளவுதான். அதற்கும் ஆட்டமே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. முதல் பாகத்தில் லம்ப் என்று ஓர் ஓகர் அரக்கன் வருவான். மாயப் பட்டை ஒன்றைத் தலையில் மாட்டியிருப்பதால் பட்டிமன்ற நடுவர் மாதிரி பேசுவான். அவனைக் கொன்று பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டால் உங்கள் புத்தி 17. அப்புறம் எதற்குப் பாயிண்டை வீணாக்குவது?

சரி. ஆனால் எனக்கு ஆடுகிறவர்கள் மேல் வருத்தமே இல்லை, ஆட்டத்தைச் செய்கிறவர்கள் மேல்தான். ஒரு ஸ்டாட், அதாவது குணத்தின் எண், உச்சத்தில் இருக்கும்போது என்ன தருகிறது என்று எல்லாரும் யோசிக்கிறார்கள். அடிமட்டத்தில் கிடக்கும்போது என்ன பறிக்கிறது என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு. பலம் குறைந்தால் மூட்டை தூக்க முடியாது. கான்ஸ்டிடியூஷன் குறைந்தால் இரண்டு அடியில் சாவு. கரிஸ்மா குறைந்தால் பேச்சில் தோற்போம். புத்தி குறைந்தால்? ஒன்றும் ஆகாது. எட்டுப் புத்திக்காரனும் பதினெட்டுப் புத்திக்காரனும் அநேகமாக அதே வசனத்தை அதே அழகோடு பேசுகிறார்கள், சிக்கலான சதியை ஒரே வேகத்தில் புரிந்துகொள்கிறார்கள். குறைவாக இருந்தால் வலிக்காத ஒன்றுக்கு யார் பாயிண்ட் போடுவார்கள்?

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 2005-இல் மேப்பிள்ஸ்டோரி என்ற இணைய ஆட்டம் நம் பக்கம் வந்தபோது ஊர் சைபர் கஃபேயில் என்ன நடந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆளை உருவாக்கும்போது ஒரு பகடை இருக்கும். அழுத்த அழுத்த நான்கு குணங்களும் மாறும், எதுவும் நான்குக்குக் கீழே போகாது. வாரியர் ஆட நினைக்கிறவன் புத்தியும் அதிர்ஷ்டமும் நான்கு நான்காக விழுகிற வரை அந்தப் பகடையை அழுத்திக்கொண்டே இருப்பான். "ஃபோர் ஃபோர் வந்துருச்சு!" என்று கத்துவான், பக்கத்து மெஷின்காரன் எட்டிப் பார்ப்பான். ஆக முட்டாளாகப் பிறப்பதற்காகக் காசு கொடுத்து மணிக்கணக்கில் பகடை உருட்டிய தலைமுறை நாங்கள். அதற்கு ஆட்டம் எங்களை ஒரு வார்த்தை கேட்டதா? கேட்கவில்லை. நான்கு புத்தி வாரியருக்கும் கடைக்காரர் அதே மரியாதைதான்.

ஜப்பான் பக்கமும் இதே கதைதான், இன்னும் வேடிக்கையாக. 1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேண்டஸியில் இன்டெலிஜென்ஸ் என்று ஓர் எண் திரையில் இருக்கும், லெவல் ஏறினால் அதுவும் ஏறும். ஆனால் நிரலில் இருந்த பிழையால் அது எதையுமே செய்யாது. கருப்பு மந்திரவாதியின் நெருப்பு அவன் புத்தியைப் பொறுத்து மாறாது. எல்டன் ரிங்கில் எண் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் மந்திரத்துக்கும் சில ஆயுதங்களுக்கும் மட்டும். மூன்வெய்ல் வாளைச் சரியாகப் பிடிக்க 23 புத்தி வேண்டும். 23 வந்த பிறகும் என் ஆள் அதே பள்ளத்தில் அதே மாதிரி விழுந்து சாகிறான்.

இப்போது நான் சொல்ல வந்த ஆட்டத்துக்கு வருகிறேன். ஃபால்அவுட், 1997. அதன் அடுத்த பாகம் 1998.

அங்கே புத்திக்கு இரண்டு வேலை. முதலாவது, படிக்கும் வேகம். ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் திறன் பாயிண்ட் ஐந்தும், புத்தியின் இரண்டு மடங்கும். புத்தி 10 என்றால் லெவலுக்கு 25, புத்தி 1 என்றால் 7. லெவலுக்கு 18 வித்தியாசம். இதில் கொடுமை என்னவென்றால், பாதியில் புத்தியை ஏற்றினாலும் போன லெவல்களுக்கான பாயிண்ட் திரும்பி வராது. தொடக்கத்தில் விட்டது விட்டதுதான். தோட்டத்துப் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலைதான் முக்கியம். புத்தி நான்குக்குக் கீழே போனால் உங்கள் ஆளால் வாக்கியம் பேச முடியாது. உறுமல், ஒற்றைச் சொல், அவ்வளவுதான். எதிரில் நிற்பவர்கள் பரிதாபப்படுவார்கள், சலித்துக்கொள்வார்கள், விரட்டுவார்கள். பாதி வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கவே மாட்டார்கள். ஆட்டத்தை முடிக்க முடியும், ஆனால் அது வேறு ஒரு ஊர், வேறு ஒரு பயணம். ஒரே எண்ணை மாற்றியதற்காக வசனத்தை இரண்டாவது முறை எழுதியிருக்கிறார்கள். புத்திக்கு மதிப்புக் கொடுப்பது என்றால் இதுதான்.

சரி, இதில் எனக்கு ஒரு முரண்பாடும் உண்டு. அந்த ஆட்டம் புத்தியை எதை வைத்து அளக்கிறது? பேச்சை வைத்து. பேச வராதவன் முட்டாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து மலாய்த் தாளில் தேறாதவர்கள் நேரே இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது, நடுவில் ஓராண்டு ரிமூவ் வகுப்பு. என்னோடு படித்த ஒருவன் மனக்கணக்கில் எங்கள் எல்லாரையும் ஓரம்கட்டுவான். அவனும் ரிமூவ் வகுப்புக்குத்தான் போனான். ஆசிரியர் எழுப்பிக் கேட்டால் "யா, சிக்கு" (ஆமாம், ஐயா), "தாக் தாவு, சிக்கு" (தெரியாது, ஐயா), மலாயில் இரண்டே பதில். புதிய பள்ளியில் அவனுடைய இன்டெலிஜென்ஸ் மூன்று என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்களிடம் அவன் தமிழில் பேசுவதை அவர்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் ஏன் அடைக்கிறது என்று காகிதத்தில் படம் போட்டுப் பாடம் நடத்துவான்.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ஃபால்அவுட் 2 எழுதியவர்களுக்கும் அந்த அளவுகோல் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. கிளாமத் என்ற ஊரில் டோர் என்று ஒருவன் மாடு மேய்ப்பான். சாதாரண புத்தியோடு போனால் அவன் பேசுவது மழலை மாதிரி இருக்கும், நமக்குச் சிரிப்பு வரும். புத்தியை நான்குக்குக் கீழே வைத்துக்கொண்டு அவனிடம் போங்கள். இருவரும் பெரிய அறிஞர்கள் கணக்காகச் செறிவான மொழியில் உரையாடுவார்கள். டோரும் தெளிவாகப் பேசுவான், உங்கள் ஆளும் தெளிவாகப் பேசுவான். அதுவரை உறுமிக்கொண்டிருந்தவன்! இதை நகைச்சுவைக்காக எழுதினார்கள் என்பது தெரிகிறது. நான் முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது ரிமூவ் வகுப்பின் கடைசி வரிசை. ரோல் பிளேயிங் ஆட்டங்களில் புத்தியைப் பற்றி எழுதப்பட்டதில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதல் ஃபால்அவுட்டைச் செய்த கூட்டத்தைச் சேர்ந்த டிம் கெய்னும் லெனர்ட் பாயார்ஸ்கியும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. 2001-இல் வந்த ஆர்கேனத்தில் புத்தி குறைந்தவனின் நாட்குறிப்பே குழந்தைத்தனமாக எழுதப்பட்டிருக்கும். என்ன வேலை ஒப்புக்கொண்டோம் என்பதே பாதிதான் புரியும். 2019-இன் தி அவுட்டர் வேர்ல்ட்ஸில் புத்தி குறைந்தவர்களுக்கென்றே தனி வசனத் தேர்வுகள் உண்டு. ஓர் இடத்தில் "கப்பலை நானே ஓட்டுகிறேன்" என்று பிடிவாதம் பிடித்தால் நேரே சூரியனுக்குள் போய் ஆட்டம் முடிந்துவிடும். என் சின்னம்மா மகன் இதை வேண்டுமென்றே செய்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எட்டுப் புத்தி ஆளை வைத்து பால்டர்ஸ் கேட் 3-இல் அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை.

அதே பால்டர்ஸ் கேட்டின் இரண்டாம் பாகம், 2000-இல் வந்தது, இந்த விஷயத்தில் ஈவிரக்கமே பார்க்காது. மைண்ட் ஃபிளேயர் என்ற மூளை தின்னும் அரக்கன் ஒரு முறை தொட்டால் ஐந்து புத்தி போகும். பூஜ்யம் ஆனால் சாவு. எவ்வளவு உயிர்ப் பாயிண்ட் இருந்தாலும் பயனில்லை. நம் அணியில் எல்லாருக்கும் பிடித்த மின்ஸ்குக்குப் புத்தி எட்டு, இரண்டாவது தொடுதலில் போய்ச் சேருவான். பதினெட்டுப் புத்தி மந்திரவாதி மூன்று அடி தாங்குவான். நோஞ்சான் மந்திரவாதியை முன்னால் தள்ளிவிட்டு மலைபோல் நிற்கும் போர்வீரன் பின்னால் பதுங்குகிற ஒரே சண்டை அதுதான். பால்டர்ஸ் கேட்டின் விதிகளுக்கு மூலமான, மேசையில் ஆடும் டிஎண்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பிலும் இதன் சொந்தக்காரன் ஒன்று இருக்கிறது, இன்டெலெக்ட் டிவௌரர். புத்திச் சோதனையில் தோற்றால் மூன்று பகடை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை உங்கள் புத்தி அளவுக்கோ அதற்கு மேலோ வந்தால் உங்கள் மூளை காலி. புத்தி எட்டு என்றால் 216 வாய்ப்புகளில் 181 உங்களுக்கு எதிராகத்தான். எட்டில் விட்ட தம்பிகள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.

இதற்கு நேர் எதிர் 2015-இன் ஃபால்அவுட் 4. புத்தி ஒவ்வொரு பாயிண்டுக்கும் மூன்று சதவீதம் கூடுதல் அனுபவம் தரும், சில சலுகைகளுக்கு வழி திறக்கும், அதோடு சரி. முட்டாளுக்கான வசனமெல்லாம் போய்விட்டது. போதாததற்கு இடியட் சவான்ட் என்று ஒரு சலுகை. அதை எடுத்தால் திடீர் திடீரென்று மூன்று மடங்கு அனுபவம் கிடைக்கும், புத்தி குறையக் குறைய வாய்ப்பு கூடும். அதாவது புத்தியை ஒன்றில் வைத்துவிட்டு வேகமாக லெவல் ஏறலாம். அதே பெயரில் வந்த ஆட்டம் இப்படிச் செய்ததில் எனக்கு ஏமாற்றம்தான். "வசனம் எல்லாத்துக்கும் குரல் கொடுக்கணும்ணே, ரெண்டு தடவை எழுதினா எவ்வளவு செலவு?" என்கிறான் தம்பி. இருக்கலாம். அவுட்டர் வேர்ல்ட்ஸில் நம் ஆளுக்குக் குரலே கிடையாது, மற்றவர்களுக்குத்தான். அது ஒரு வழி.

பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி என்ற ஆட்டம் வேறொரு வழி பார்த்தது. இன்டெலெக்ட் கூடினால் திறன்கள் பரவும் வட்டமும் நீடிக்கும் நேரமும் கூடும், அதனால் முரட்டு பார்பேரியனுக்கும் புத்தி வேண்டும். கணக்காகப் பார்த்தால் அழகு. எனக்கு ஒட்டவில்லை.

அதிகப் புத்தியிலும் வலி வைத்த ஒரே ஆட்டமாக எனக்குத் தெரிவது 2019-இன் டிஸ்கோ எலிசியம். இன்டெலெக்டின் கீழே ஆறு திறன்கள், ஒவ்வொன்றும் தலைக்குள் ஒரு குரல். என்சைக்ளோபீடியாவை ஏற்றினால் பிணத்தின் முன் நிற்கும்போது சம்பந்தமே இல்லாத தகவலை எடுத்து விடும். லாஜிக்கை ஏற்றினால் அது தன் புகழ்ச்சிக்குத் தானே மயங்கும். ஆறையும் ஏற்றிவிட்டு உடம்பைக் கவனிக்காமல் விட்டால், ஆட்டம் தொடங்கியதும் விளக்கைப் பார்த்தே செத்துப் போகலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம், இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பா இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாக, சாய்வாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் பிடிக்கும் மங்கில் ஒன்றும் இருக்காது, கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், மேற்பார்க்கும் மண்டோர் சத்தம் போடுவார். ராத்திரி மழையில் பட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது, இன்றைக்கு வெட்டலாமா கூடாதா என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். டிஎண்டி தாளில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கத்தி பிடிப்பது டெக்ஸ்டரிட்டி, அதாவது கைலாகவம், என்பார்கள். மரத்தைப் படிப்பது விஸ்டம், அதாவது பட்டறிவு, என்பார்கள், ஏனென்றால் அந்த விதிகளில் கண்ணால் கவனிப்பது விஸ்டத்தின் கீழேதான் வரும். இன்டெலிஜென்ஸ் கட்டத்தில் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும் கிராணியின் பெயர்தான் விழும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆறு குணங்களைப் பிரித்தபோது தோட்டத்தை நினைத்திருக்க மாட்டார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. ஐம்பது வருடமாகியும் அதே ஆறு கட்டத்தைத் திருப்பித் திருப்பி அச்சடிப்பவர்கள்தான் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஈப்போவிலோ இங்கேயோ டிஎண்டி மேசை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: மரம் சீவுகிறவரை உங்கள் மேசையில் ஆட வைத்தால் எந்த ஸ்டாட்டில் பகடை உருட்டச் சொல்வீர்கள்? தம்பி டெக்ஸ்டரிட்டி என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.