வேக்லாமின் கட்டங்களும் நம் தோட்டத் திடலும்

பிரிட்டனின் பிபிசி வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்த டெடி வேக்லாம் பற்றி ஒரு செய்தி. 1927 ஜனவரி 15 ரக்பி வர்ணனையில், பார்வையற்ற ரசிகர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து அவருக்குத்தான் சொன்னார். ஒரே வாரத்தில் லண்டன் ஹைபரி திடலில் கால்பந்து வர்ணனை. பந்து எங்கே என்று புரிய, திடலை 8 கட்டமாகப் பிரித்த படம் நேயர்கள் கையில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் கால்பந்துப் போட்டிகளில் மைக் பிடிக்கும் தம்பிமார்களே, அட்டையில் இரு அணியையும் அவரவர் நிற்கும் இடப்படி எண்ணோடு எழுதுங்கள். அணிகள் பக்கம் மாறுவதால், இடைவேளையில் அட்டையைத் தலைகீழாகத் திருப்பணும். மறந்தால் இடது விங்கர் (ஓர ஆட்டக்காரர்) வலதாகிவிடுவார். கோல் கணக்கை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லுங்கள். பாதியில் வந்து கேட்பவருக்கு முதலில் வேண்டியது அதுதான், பாவம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் 'ப' வெடிக்காது. காற்றடித்தால் மைக்குக்குப் பஞ்சுறை போடுங்கள்.