வீட்லதானே இருக்க?

மே மாசம் வந்தா போதும், சொந்தக்காரங்க போன் போட்டு, "வீட்லதானே இருக்க?"ங்கிறாங்க. ஆமா, வீட்லதான் இருக்கேன். மாயாஜாலக் கதை எழுதுறவன் வேற எங்க இருப்பான்? ஏழு தலை நாகத்துக்கு எந்தத் தலையை முதல்ல வெட்டுறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். "அதெல்லாம் ஒரு வேலையா?"ங்கிறாங்க.

கடலூர்ல குடியிருக்கிறவன் பாண்டிக்கு இலவச கைடுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? கத்திரி வெயில்ல மணக்குள விநாயகர், சுண்ணாம்பாறு படகு சவாரி, பாரதி பூங்கா. ஆயி மண்டபத்தைக் காட்டி, தன் மாளிகையையே இடிச்சுக் குளம் வெட்டினாளே ஆயி, அந்தக் கதையை ஆசையா ஆரம்பிச்சா, "ஐஸ்கிரீம் எங்க கிடைக்கும்?"ங்கிறார் சித்தப்பா. கல்லும் கரையுற கதைங்க அது!

கோடைக்குப் படிக்கலாம்னு எடுத்து வச்ச புத்தக அடுக்கு இப்ப சித்தியோட சார்ஜர் ஸ்டாண்டு. மேல பண்ருட்டிப் பலாச்சுளைத் தட்டு வேற. பிசின் ஒட்டின பக்கத்தை எந்த மந்திரவாதி வந்து பிரிப்பான்?

நாலு நாள் ஏற்காடு போறேன்னு சொன்னேன். "உனக்கெதுக்கு? கற்பனைலயே போயிட்டு வந்துடலாமே!"ங்கிறாங்க. பேங்க் மேனேஜர்கிட்ட இதைச் சொல்லுவீங்களா? சம்பளத்தையும் கற்பனைலயே வாங்கிக்கோன்னு?

இதுல விமர்சனம் வேற. திருவந்திபுரம் மலையேறி, குதிரை முக ஹயக்ரீவரைக் கன்னத்துல போட்டுக் கும்பிட்டுட்டு வந்த அதே சித்தப்பா, என் கதையில குதிரை பேசினா, "லாஜிக் இடிக்குதே தம்பி"ங்கிறார்.

நாளைக்குப் பிச்சாவரமாம். காலைல ஆறு மணிக்கே ரெடியா இருக்கணுமாம், நான்!